இரண்டாயிரத்தில் இருபது நிமிடம்

அந்தக் காண்டசாவை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை.
நாலாயிரம் துண்டுக்குப் பாக்கி வைத்த ஏகாம்பரம் முதலாளி
பணத்துக்குப் பதில் சாவியைக் கொடுத்தார்.
"ஓடும்மா. கொஞ்சம் இருமும்."
டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து
கண்ணாடிகளை மடக்கி
செல்லூர் கண்மாய்க்கரைச் சந்துக்குள் நுழைத்தோம்.
அன்று முதல் தண்ணீர் வண்டி எங்கள் வாசலுக்கு வருவதில்லை.

மேல்மூடியைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றினேன்.
எட்டு ராக்கரில் ஏழு குனிந்து நிமிர்ந்தன.
மூன்றாவது மட்டும்
கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி
லேசாகத் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டது.

இது புரிய எனக்கு மெக்கானிக் வேண்டாம்.
என் விசைத்தறியிலும் இதே கதைதான்:
சுற்றுகிற தண்டில் ஒரு முட்டு
முட்டு அமுக்க விழுது ஏறும்
பாவு பிளக்கும், நாடா பாயும்.
முட்டு தேய்ந்தால் துண்டில் நூல் தப்பும்.
வட்டமாகிப் போனது எதையும் தூக்காது.

லேத்து சிக்கந்தர் டயல் வைத்துப் பார்த்தார்.
"ஆறு மில்லி எந்திரிக்கணும். ரெண்டுதான் எந்திரிக்குது."
உக்கடத்தில் அவர் மச்சான் தேடிப் பிடித்த புது கேம்
மெழுகுத்தாளில் சுற்றி, மல்லிகைப்பூ பார்சலோடு
பஸ்ஸில் வந்தது. டிக்கியில் அதே வாசம், இரண்டு நாள்.

ரேடியேட்டர் அடுப்படிக்குப் போனது.
தள்ளுகம்பி எட்டையும் அட்டைப்பெட்டியில் குத்தி
நம்பர் போட்டேன்.
புது கேமுக்குப் பழைய டாப்பட் ஆகாது என்று
சிக்கந்தர் மூன்று தடவை சொன்னார்,
ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று
நானும் மூன்று தடவை சொன்னேன்.

பழையதை உருவும்போது
இருவரும் மூச்சு விடவில்லை.
உள்ளே பேரிங் மூன்று; ஒரு கீறல் பட்டாலும் போச்சு.
ஈரப் பாவை விழுதுக்குள் இழுக்கிற கைதான்,
அவசரம் தெரியாத கை. வந்துவிட்டது.

மூன்றாம் மூக்கைத் தடவிப் பார்த்தேன்.
கூழாங்கல்.

புதியதற்குக் கறுப்புப் பசை பூசி உள்ளே விட்டு
பல்சக்கரப் புள்ளி இரண்டும் நேருக்கு நேர் நிற்க
சங்கிலி மாட்டி மூடினோம். இரவு பதினொன்று.
"காலையில ஸ்டார்ட் பண்ணா இருபது நிமிஷம்
ரெண்டாயிரத்துக்குக் கீழ இறக்கக் கூடாது.
இறக்கினா இந்த மூக்கும் போயிரும்."

ஊர் திட்டுமே என்று பயந்தேன்.
ஆனால் சந்தில் நாற்பது தறி.
எட்டு மணிக்கு எல்லாம் அடித்துக்கொண்டிருக்க
காண்டசா கத்தியதை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன்,
சிக்கந்தர் ஆயில் விளக்கையே பார்த்தபடி.

பதினோராவது நிமிடம் கரண்ட் போனது.

நாற்பது தறியும் ஒரே மூச்சில் நின்றன.
சந்து முழுக்க என் கார் மட்டும்.
கதவு கதவாகத் திறந்தது. பஞ்சு ஒட்டிய தலைகள்.
யாரோ ஒருவருடைய குழந்தை வீறிட்டது.
கூட்டத்தை விலக்கிக்கொண்டு,
பாதி சவரம் செய்த முகத்தோடு ஏகாம்பரம்.

ஓடாது என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.
அது அந்த முகத்தில் அப்பட்டமாக இருந்தது.
ஜன்னலில் குனிந்து ஏதோ கேட்டார்.
ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை.
எவ்வளவு நேரம் என்று கேட்கிறார் போலிருக்கிறது என
ஒன்பது விரலைக் காட்டினேன்.

அவர் வெளிறிப்போனார்.
யோசித்து, ஏழு விரல் காட்டினார்.
இவர் யார் இரண்டு நிமிடம் குறைக்க?
தலையை ஆட்டி, மறுபடியும் ஒன்பது.
துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்,
நான் நெய்த துண்டு, பச்சைக் கரை.

ஒன்பது நிமிடமும் முடிந்து
காலை எடுத்தேன்.
இன்ஜின் மெல்லத் தணிந்து
தையல் மெஷின் மாதிரி நின்று ஓடியது.
சிக்கந்தர் சிரிப்பை அடக்க முடியாமல்
பம்பரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.
"ஒம்பது லட்சமாக்கா?"

கரண்ட் வந்தது. தறிகள் எழுந்தன.
பழைய கேம் இப்போது என் பாவு உருளையில்
கயிற்றில் தொங்குகிறது, பாரத்துக்கு.
கல்லைவிட நிதானமாக இழுக்கிறது.
சாயங்காலம் ஏகாம்பரம் ஆள் அனுப்பினார்.
வண்டியில் அழகர்கோவில் போயிருக்கிறேன் என்று
சொல்லிவிடச் சொன்னேன்.